கடை வாசலில் மாட்டிய காற்று ஓஸ்: வெயிலும் மழையும் தின்னாமல் காப்பது எப்படி?

(தொழில் செய்யும் குழுக்களுக்கான கூட்டமைப்புக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



ஆடு, மாடு, தையல், ஊறுகாய் பற்றி நாம் பல கூட்டம் பேசியாச்சு. இன்னைக்குப் பேசப் போவது வண்டிக்குக் காத்து அடிக்கிற ஓஸைப் பற்றி. "ஓஸைப் பத்திப் பேசவா பஸ் ஏறி வந்தோம்?" என்று பின் வரிசையில் ஒரு அக்கா கேட்டது எங்கள் காதில் விழுந்தது. கேட்டது நியாயம்தான். ஆனால் பஞ்சர் கடை, சைக்கிள் கடை, வாட்டர் வாஷ் என்று கம்ப்ரசர் வாங்கிய குழுக்களில் தவணை ஏன் நின்றது என்று நாங்கள் நோட்டைப் புரட்டிப் பார்த்தால், "மிஷின் ரிப்பேர்" என்றுதான் எழுதியிருக்கிறது. என்ன ரிப்பேர் என்று நேரில் போய்ப் பார்த்தால் மிஷின் நன்றாகத்தான் இருக்கிறது. வாசலில் வெயிலிலும் மழையிலும் தொங்குகிற ஓஸும், அதைச் சுருட்டுகிற ரீலும்தான் போயிருக்கிறது. கடனில் வாங்கிய பொருள் தவணை முடிகிற வரைக்காவது உழைக்கணும், இல்லையா?

கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்தில் ஒரு குழு. ஊர் பேரும் குழு பேரும் வேண்டாம் என்று அவங்க கேட்டுக்கொண்டதால் சொல்லவில்லை. அந்தக் குழுவில் ஐந்து பேர் சேர்ந்து, முறை போட்டுக்கொண்டு, பஞ்சர் கடை நடத்துறாங்க. "பொம்பளைங்க காத்தடிக்கிற கடையா" என்று முதலில் கேலி பேசியவங்களே இப்போது அங்கேதான் வண்டியை நிறுத்துறாங்க. சுவரில் மாட்டுகிற ஸ்பிரிங் ரீல் ஒன்று வாங்கி வாசலில் மாட்டினாங்க. ஓஸை இழுத்தால் வரும், லேசாக ஒரு சுண்டு சுண்டினால் தானாக உள்ளே போய்ச் சுருண்டுகொள்ளும். பார்க்க அழகாக இருந்தது. மேற்குப் பார்த்த சுவர், மேலே கூரை கிடையாது.

இரண்டு கோடை தாங்கவில்லை. ஒரு மத்தியானம், டிராக்டர் டயருக்குக் காத்து பிடித்துக்கொண்டிருக்கும்போது, முனையில் இருக்கிற கப்ளருக்கு ஒரு சாண் தள்ளி ஓஸ் வெடித்தது. வெடித்த ஓஸ் பாம்பு மாதிரி துள்ளி, அன்றைக்கு முறையில் இருந்த அக்காவின் முன்கையில் அடித்தது. தையல் போட்டாங்க. கடை மூன்று வாரம் மூடிக் கிடந்தது. ரீல் விற்ற கடைக்காரர், "இது வீட்டுக்குள்ளே மாட்டுறது, வெளியில மாட்டினா கேரண்டி கிடையாது" என்று கையை விரித்துவிட்டார். பெட்டியில் இருந்த தாளில் பொடி எழுத்தில் இங்கிலீஷில் அப்படித்தான் அச்சடித்திருந்தது. விற்கும்போது வாயால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

அதைவிடப் பெரிய பிரச்சனை குழுக் கூட்டத்தில் வந்தது. "அவங்க முறையிலதானே வெடிச்சது, புது ஓஸ் அவங்களே வாங்கித் தரட்டும்" என்று இரண்டு பேர் சொன்னாங்க. கையில் கட்டோடு உட்கார்ந்திருந்த அந்த அக்கா வாயே திறக்கவில்லை. ஐந்து வருஷமாகச் சேமித்த குழு அன்றைக்குக் கலைகிற நிலைக்கு வந்துவிட்டது. நாங்கள் போயிருந்தபோது ஒரு காரியம்தான் செய்தோம். வெடித்த ஓஸைக் கொண்டுவரச் சொல்லி, நடுவில் போட்டு, எல்லோரையும் தொட்டுப் பார்க்கச் சொன்னோம். வெடித்த இடத்தைச் சுற்றி மட்டும் இல்லை, வெளியில் தொங்குகிற அந்த இரண்டு முழ நீளம் பூராவும் காய்ந்த வயல் மாதிரி வெடிப்பு ஓடியிருந்தது. ரீலுக்குள் சுருண்டிருந்த பாகம் புதுசு மாதிரி வழவழ என்று இருந்தது. ஒரே ஓஸ்தான், ஒரே வயசுதான். வெயில் பட்ட இடம் செத்துப்போச்சு, நிழலில் இருந்த இடம் பிழைத்திருக்கு. இதை ஒரு ஆள் ஒரு நாளில் செய்ய முடியுமா? எல்லோருக்கும் புரிந்தது. செலவு கடைக் கணக்கில் எழுதப்பட்டது, வைத்தியச் செலவும் சேர்த்து. தீர்மான நோட்டிலும் ஏறியது.

அந்தக் கடையைத் திரும்ப எப்படி நிறுத்தினாங்க என்பதைத்தான் இனிப் பார்க்கப் போகிறோம். அவங்க செய்ததோடு, நாம் தெரிந்துகொள்ள வேண்டியதையும் சேர்த்துச் சொல்கிறோம்.

முதலில் ஓஸ். கடையில் போய் "காத்து ஓஸ் குடுங்க" என்றால் இரண்டு வகை எடுத்துப் போடுவாங்க. ஒன்று பிளாஸ்டிக், அதாவது பி.வி.சி. மஞ்சள், பச்சை, நீலம் என்று கலர் கலராக, உள்ளே நூல் பின்னல் தெரியும். விலை குறைவு, எடையும் குறைவு. இன்னொன்று ரப்பர். கறுப்பாகவோ சிவப்பாகவோ இருக்கும், கனமாக இருக்கும். பி.வி.சி. ஓஸ் மேல் எழுதியிருக்கிற அழுத்தம் சாதாரண சூட்டுக்குத்தான் கணக்கு. சித்திரை வெயிலில் ஓஸ் தொட முடியாமல் கொதிக்கும்போது அது இளகிப்போகும், தாங்குகிற சக்தி பாதியாகக்கூட இறங்கிவிடும். குளிர் காலையில் விறைத்துக்கொண்டு சுருளவும் சுருளாது. அதனால் வெளியில் மாட்டுவதற்கு ரப்பர்தான் நம் சிபாரிசு. ரப்பரிலும் எல்லாம் ஒன்றில்லை. வெயிலில் இருக்கிற புற ஊதாக் கதிரும், காற்றில் இருக்கிற ஓசோனும் சாதா ரப்பரை வெடிக்க வைக்கும். அதுவும் வளைந்து, இழுபட்டு நிற்கிற இடத்தில்தான் முதலில் வெடிக்கும். கப்ளர் பக்கத்தில் வெடித்ததற்கு அதுதான் காரணம். "வெயில் மழை தாங்குற மேலுறை உள்ளதா?" என்று வாய்விட்டுக் கேளுங்க.

ஓஸின் உடம்பிலேயே வேலை அழுத்தம் எவ்வளவு என்று அச்சடித்திருக்கும். பார் கணக்கில் இருந்தால் 1 பார் என்பது ஏறக்குறைய 14.5 பி.எஸ்.ஐ. 20 பார் என்று போட்டிருந்தால் 290 பி.எஸ்.ஐ. நம்ம கடைக் கம்ப்ரசர் பெரும்பாலும் 120 முதல் 175 பி.எஸ்.ஐ.க்குள் நிற்கும். ஸ்கூட்டிக்கும் பைக்குக்கும் 25, 30 அளவில்தானே பிடிக்கிறோம், எதுக்கு 290 என்று கேட்கலாம். டயருக்குள் போகிறதுதான் 30. ஓஸுக்குள் நிற்கிறது டேங்கில் இருக்கிற முழு அழுத்தம். அதுக்கு மேல் நல்ல இடைவெளி இருக்கணும். ஒன்றும் அச்சடிக்காத ஓஸை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீங்க.

அடுத்தது மாட்டுகிற இடம். நம்ம ஊரில் சாயங்கால வெயில்தான் பொல்லாதது, மேற்குச் சுவர் வேண்டாம். கடற்கரைப் பக்கத்தில் ஐப்பசி, கார்த்திகை மழை வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிக்கும். அந்தப் பக்கம் திறந்திருக்கிற சுவரும் வேண்டாம். உங்க வீட்டுத் திண்ணையில் எந்தப் பக்கம் மழைச்சாரல் அடிக்காது, எங்கே துணி சீக்கிரம் வெளுக்காது என்று உங்களுக்குத் தெரியாதா? அதே கணக்குத்தான். இந்தக் குழு தெற்குப் பக்கச் சுவருக்கு மாற்றி, மூன்று அடி தாழ்வாரம் இறக்கினாங்க. வண்டி வந்து நிற்கிற இடத்துக்கும் ஓஸுக்கும் நடுவில் ஆள் நடக்கிற வழி வரக்கூடாது என்பதையும் பார்த்துக்கணும். தடுக்கி விழுந்தால் அதுவும் நம் தலையில்தான்.

உயரம் பற்றி ஒரு வார்த்தை. ஆம்பளைங்க நடத்துகிற கடையில் உத்தரத்தில் ஏற்றி மாட்டியிருப்பாங்க. நமக்கு அது தேவையில்லை. நாம் தரையில் நின்று கையைத் தூக்கினால் ரீலின் அடிப்பாகம் தொடுகிற உயரம் போதும். ஓஸைத் துடைக்க, கசிவு பார்க்க ஒவ்வொரு தடவையும் ஸ்டூல் தேடினால், அந்த வேலை நடக்கவே நடக்காது. ஸ்பிரிங் இல்லாமல் கைப்பிடி சுற்றுகிற ரீல் என்றால் இடுப்பு உயரத்தில் மாட்டுங்க. எங்களைக் கேட்டால் சின்னக் கடைக்குக் கைப்பிடி ரீல்தான் நல்லது. கெட்டுப்போக அதில் ஸ்பிரிங் கிடையாது.

சுவரைப் பார்க்காமல் ஓட்டை போடாதீங்க. ரீலும் ஓஸும் சேர்ந்து 8 முதல் 15 கிலோ வரை வரும். அது சும்மா தொங்குகிற எடை. ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை வெடுக் வெடுக்கென்று இழுக்கிறோமே, அதுதான் ஆணியைப் பிடுங்குகிறது. கெட்டியான செங்கல் சுவர், கான்கிரீட் தூண் என்றால் 10 எம்.எம். ஆங்கர் போல்ட் போடலாம், செங்கல் இணைப்புச் சாந்தில் போடாமல் கல்லின் நடுவில் போடணும். ஹாலோ பிளாக் சுவர் என்றால் ஆங்கர் போல்ட் நிற்காது, உள்ளே வெற்றிடம். சுவரைத் துளைத்து நீள போல்ட் விட்டு, உள்பக்கம் ஒரு இரும்புப் பட்டை வைத்து முடுக்கணும். மண் சுவர், கீற்றுக் கொட்டகை என்றால் சுவரை நம்பவே வேண்டாம். இரண்டரை அடி குழி எடுத்து, கனமான ஜி.ஐ. பைப் ஒன்றை நட்டு, கான்கிரீட் போட்டு, ஒரு வாரம் தண்ணி ஊற்றி, அப்புறம் அதில் மாட்டுங்க. கடல் ஓரத்து ஊர்களில் உப்புக்காத்து சாதா போல்ட்டை ஒரு மழைக்காலத்துக்குள் துரு தின்ன ஆரம்பித்துவிடும். எவர்சில்வர் போல்ட் கேட்டு வாங்குங்க. நாலு போல்ட்தான், பெரிய செலவு இல்லை.

இன்னொன்று. ரீலை நேராகச் சுவரில் முடுக்காமல், கொக்கி மாதிரி ஒரு பிராக்கெட் வைத்து, ஒரு முள்ளை உருவினால் ரீல் கழன்று கையில் வருகிற மாதிரி வெல்டிங் கடையில் செய்து வாங்கலாம். இதில் இரண்டு லாபம். ராத்திரி கழற்றி உள்ளே வைத்துப் பூட்டலாம், வெளியில் இருந்தால் காலையில் இருக்குமா என்பது ஊரைப் பொறுத்தது. புயல் சமயத்திலும் உதவும். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது டெல்டாவில் தகரக் கூரைகள் காகிதம் மாதிரி பறந்ததைப் பார்த்தவங்க இங்கே நிறையப் பேர் இருக்கீங்க. தாழ்வாரத்தை நம்பி எதையும் வெளியில் விடக்கூடாது. எச்சரிக்கை அறிவித்த உடனே ரீலைக் கழற்றி உள்ளே கொண்டுபோயிடணும்.

இப்போது மூடி. இதில்தான் எல்லோரும் தப்புக் கணக்குப் போடுறாங்க. மழை வருகிறது என்று தார்ப்பாயை, இல்லாவிட்டால் உரச் சாக்கை எடுத்து ரீலை இறுக்கிக் கட்டிவிடுவாங்க. மழைத் தண்ணி உள்ளே போகாது, சரி. ஆனால் உள்ளே இருக்கிற ஈரம் வெளியே போக வழி இல்லையே! ஈரத்துணியை மடித்துப் பெட்டிக்குள் வைத்தால் என்ன ஆகும்? அதேதான். ஸ்பிரிங் துருப்பிடிக்கும். வெளியில் மழையில் நனைந்து காய்கிற இரும்பைவிட, மூடி வைத்துப் புழுங்குகிற இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும்.

மூடி என்பது குடை மாதிரி இருக்கணும், போர்வை மாதிரி இருக்கக்கூடாது. மேலே சரிவாக ஒரு தகரம், இரண்டு பக்கமும் முன்பக்கமும் ரீல் மறைகிற அளவுக்குத் தொங்கணும், அடியில் திறந்திருக்கணும். ரீலுக்கும் தகரத்துக்கும் எல்லாப் பக்கமும் நாலு விரல் இடைவெளி வேணும். பக்கத் தகரத்தில் மேலே நாலைந்து ஓட்டை போட்டு, அதுக்கு மேல் சின்னதாக மடக்கி விட்டால் சூடு வெளியே போகும், சாரல் உள்ளே வராது. ஓஸ் வெளியே வருகிற வாய் கீழ்ப் பார்த்து இருந்தால் ஓஸ் வழியாகத் தண்ணி உள்ளே இறங்காது. தகரத்துக்கு முதலில் ரெட் ஆக்சைடு, அப்புறம் வெள்ளை பெயிண்ட். கறுப்பு, கருநீலம் அடித்தால் உள்ளே அடுப்பு. இந்தக் குழு பழைய எண்ணெய் டின் தகரத்தை வெட்டி, வெல்டிங் கடைத் தம்பியிடம் கொடுத்துச் செய்து வாங்கினாங்க. ஒரு புது ஓஸ் விலைக்குள் முடிந்தது.

திறந்திருக்கிற இடம் என்றால் குளவி கூடு கட்டும். இதைச் சிரிப்பாக எடுக்காதீங்க. ஓஸை இழுத்ததும் குளவி முகத்தில் வந்த கதை எங்களுக்குத் தெரியும். வாரம் ஒரு தடவை விளக்குமாற்றுக் குச்சியால் தட்டிப் பார்த்துவிட்டுக் கையை விடுங்க. எலி ஓஸைக் கடிக்கும், அதனால் அந்தச் சுவரோரத்தில் தவிடு, பழைய சோறு எதுவும் வைக்காதீங்க.

வெளியில் இருந்து வருகிற தண்ணியைப் பற்றிப் பேசினோம். உள்ளே இருந்து வருகிற தண்ணி அதைவிட மோசம். காத்தில் எப்பவும் ஈரம் உண்டு. கம்ப்ரசர் என்ன செய்கிறது? 100 பி.எஸ்.ஐ. ஏற்ற, ஏறக்குறைய எட்டுக் குடம் காத்தை ஒரு குடத்துக்குள் அமுக்குகிறது. எட்டுக் குடத்துக் காத்தில் இருந்த ஈரம் ஒரு குடத்தில் அடங்குமா? ஆறும்போது தண்ணியாகப் பிரிந்து டேங்க் அடியில் நிற்கும். மழைக்காலத்தில் இன்னும் அதிகம். அதைத் திறந்து விடாவிட்டால் டேங்க் உள்ளே துரு, பைப்பில் துரு, ரீலின் சுழலும் மூட்டில் துரு, கடைசியில் வாடிக்கையாளர் டயருக்குள்ளும் தண்ணி. டேங்க் அடியில் ஒரு சின்னத் திருகு வால்வு இருக்கும். தினமும் சாயங்காலம் கடை மூடும்போது மோட்டாரை நிறுத்தி, காத்தை இறக்கிவிட்டு, கொஞ்சமாக மிச்சம் இருக்கும்போது அதைத் திறந்தால் தண்ணி சீறிக்கொண்டு வரும். கண்ணுக்கு நேராகக் குனியாதீங்க. டேங்கிலிருந்து ரீலுக்குப் போகிற பைப்பில், ரீலுக்கு முன்னால், தண்ணி பிரிக்கிற பில்டர் ஒன்று வையுங்க. பெரிய பைப்பிலிருந்து கிளை எடுக்கும்போது மேல் பக்கமாக எடுத்து வளைத்து இறக்கச் சொல்லுங்க. அடியில் ஓடுகிற தண்ணி ரீலுக்கு வராது.

பைப் என்றதும் ஞாபகம் வருகிறது. இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்க. சில பிளம்பர் தம்பிகள், "தண்ணி பைப்பே போதுங்கக்கா, இதுவும் நல்ல அழுத்தம் தாங்கும்" என்று சொல்லி, வீட்டுக்குப் போடுகிற பி.வி.சி. பைப்பைக் காத்துக்குப் போட்டுவிடுவாங்க. ஒருக்காலும் ஒத்துக்காதீங்க. தண்ணி நிறைந்த பைப் விரிந்தால் தண்ணி ஒழுகும், அவ்வளவுதான். அமுக்கி வைத்த காத்து அப்படி இல்லை, பட்டாசு மாதிரி வெடித்து, பிளாஸ்டிக் சில்லு கத்தியாகப் பறக்கும். அதுவும் வெயிலில் கிடந்து மொறுமொறுத்த பைப் என்றால் கேட்கவே வேண்டாம். காத்துக்கு ஜி.ஐ. பைப். ஜி.ஐ. பைப் முடிகிற இடத்திலிருந்து ரீல் வரைக்கும் மட்டும் ஒரு முழ நீள ரப்பர் ஓஸ். பைப்பை நேராக ரீலில் முடுக்கினால் ஒவ்வொரு இழுப்புக்கும் மூட்டு ஆட்டம் கண்டு கசியும்.

அந்த ஒரு முழ ஓஸுக்கு முன்னால் கண்டிப்பாக ஒரு பால் வால்வு. ராத்திரி கடை மூடும்போது வால்வை மூடி, ஓஸில் இருக்கிற காத்தையும் இறக்கிவிட்டுப் போகணும். இன்னொரு ஊரில் வால்வு மூடாமல் போய்விட்டாங்க. ராத்திரி ஓஸில் ஓட்டை விழுந்து, காத்து இறங்க இறங்க கம்ப்ரசர் தானாக ஓடி ஓடி, காலையில் வந்து பார்த்தால் மோட்டார் காயில் கருகியிருந்தது. காத்து ஏறி நிற்கிற ஓஸ் ராத்திரியெல்லாம் விறைத்து நிற்பதால் அதன் ஆயுசும் குறையும். கடை மூடும்போது மெயின் சுவிட்சையும் அணைத்துவிடுங்க. கம்ப்ரசருக்கு எர்த் போட்டிருக்கணும், 30 மில்லி ஆம்பியர் கணக்கில் ட்ரிப் ஆகிற ஆர்.சி.சி.பி. ஒன்றும் வேணும். ஈரக் கையோடு, ஈரத் தரையில் நின்று வேலை பார்க்கிற தொழில் இது.

தினசரிப் பழக்கம் ஒன்றிரண்டு சொல்லுகிறோம். ஸ்பிரிங் ரீலில் ஓஸைச் சுருட்டும்போது கையை விட்டுவிடாதீங்க. விட்டால் முனை சுழன்று வந்து முகத்தில் அடிக்கும். முனையைப் பிடித்துக்கொண்டு ரீல் வரைக்கும் நடந்து போய் விடணும். அப்படி நடக்கும்போதே இன்னொரு கையில் ஈரத்துணியால் ஓஸைப் பிடித்துக்கொண்டு போனால், மண், கிரீஸ், டீசல் எல்லாம் துடைபட்டுவிடும். டீசலும் பெட்ரோலும் ரப்பரை ஊற வைத்துக் கெடுக்கும். மண்ணோடு உள்ளே போனால் ரீல் சிக்கும். முனையிலிருந்து மூன்று அடியில் ஒரு ரப்பர் உருண்டை இருக்கும், ஓஸ் முழுசாக உள்ளே போகாமல் நிறுத்த. இந்தக் குழு அந்த உருண்டையைக் கப்ளர் பக்கமாக நகர்த்தி வைத்தாங்க. வெளியில் தொங்குகிற நீளம் ஒரு சாணாகக் குறைந்தது, அதுவும் மூடியின் நிழலுக்குள். முன்பு செத்துப்போன பாகம் அதுதானே.

வாரம் ஒரு நாள் காத்து ஏற்றி வைத்து, சோப்புத் தண்ணியை எல்லா மூட்டிலும் தடவுங்க. நுரை கட்டினால் கசிவு. காத்தை இறக்கிவிட்டு, கழற்றி, டெஃப்ளான் டேப் சுற்றித் திரும்ப முடுக்குங்க. காத்து இருக்கும்போது எதையும் கழற்றக் கூடாது. ஓஸை முழுசாக வெளியே இழுத்து, விரலால் தடவிக்கொண்டே போங்க. வெடிப்பு, உப்பல், நூல் தெரிகிற இடம் இருந்தால் அங்கே வெட்டி எறிந்துவிட்டு, முனையில் புதுக் கிளிப் போட்டு முடுக்கலாம். நடுவில் கிழிந்ததற்கு டியூப் ரப்பரைச் சுற்றிக் கம்பி கட்டுவது வேண்டாம். ஸ்பிரிங் ரீலின் டப்பாவை மட்டும் நீங்க திறக்காதீங்க. உள்ளே ஸ்பிரிங் முறுக்கேறி நிற்கிறது. விரல் போகும். அதற்கு மெக்கானிக் வேணும்.

நம் சேலை முந்தானை, துப்பட்டா, பின்னல் மூன்றையும் கம்ப்ரசர் பெல்ட் இழுத்துக்கொள்ளும். பெல்ட்டுக்கு மேல் இருக்கிற கம்பி மூடி கழன்றிருந்தால் அன்றைக்குக் கடையைத் திறக்காதீங்க. முந்தானையைச் செருகிக்கொண்டு, மேலே ஒரு சட்டை போட்டுக்கொண்டு வேலை பாருங்க. கடைக்கு வருகிற பிள்ளைகள் விளையாட்டாக ஓஸைப் பிடித்து ஒருத்தர் மேல் ஒருத்தர் காத்து அடிக்க விடவே கூடாது. காதில் பட்டால் செவிப்பறை கிழியும். பின்பக்கம் வைத்து விளையாடிக் குடல் கிழிந்து உயிர்போன செய்தி பத்திரிகையில் ஒரு தடவை இல்லை, பல தடவை வந்திருக்கிறது. நாமும் சேலையில் ஒட்டிய தூசியைக் காத்தால் ஊதிக்கொள்ளும் பழக்கத்தை விடணும்.

இவ்வளவும் யார் பார்ப்பது என்ற கேள்வி அந்தக் குழுவில் வந்தது. வெள்ளிக்கிழமை முறையில் இருக்கிறவங்க சோப்புத் தண்ணி தடவி, ஓஸைத் தடவிப் பார்த்து, நோட்டில் தேதி போட்டுக் கையெழுத்துப் போடணும் என்று முடிவு செய்தாங்க. எழுதத் தெரியாத ஒரு அக்கா ரேகை வைக்கிறாங்க. வெடிப்பு தெரிந்தால் அன்றைக்கே கூட்டத்தில் சொல்லணும், சொன்னவங்க மேல் செலவு வராது என்பதும் தீர்மானத்தில் இருக்கிறது. எங்களுக்கு ரொம்பப் பிடித்த வரி அதுதான். செலவு தலையில் விழும் என்ற பயம் இருந்தால் யாராவது வெடிப்பைச் சொல்வாங்களா? பார்த்தும் பார்க்காத மாதிரி அடுத்த முறைக்காரங்களுக்குத் தள்ளிவிடத்தான் தோணும். அடுத்தவங்க கையில் அது வெடிக்கும்.

கூட்டம் முடிகிற நேரத்தில் ஒருத்தர் கேட்டாங்க: "ரீல் வாங்க எங்க குழுவில் காசு இல்லை, ஓஸை ஆணியில்தான் மாட்டுறோம், என்ன செய்ய?" ஆணி மட்டும் வேண்டாம். ஒரே இடத்தில் மடிந்து மடிந்து, அந்த மடிப்பில்தான் முதல் வெடிப்பு வரும். பஞ்சர் கடையில் பழைய ஸ்கூட்டர் வீல் ரிம் கிடக்காமலா இருக்கும்? அதைத் தாழ்வாரத்துக்கு உள்ளே, நிழலில், இடுப்பு உயரத்தில் இரண்டு போல்ட் போட்டுச் சுவரில் பதித்து, அதில் வட்டமாகச் சுற்றி மாட்டுங்க. ராத்திரி அப்படியே வளையமாகக் கழற்றி உள்ளே தூக்கி வைத்துவிடலாம். கடலோரக் குழுவும் புது ரீல் வாங்குகிற வரைக்கும் நாலு மாசம் இந்த ரிம்மில்தான் ஓட்டினாங்க. இப்பவும் வாட்டர் வாஷ் ஓஸ் அதில்தான் தொங்குகிறது.